இரும்பு நல்லதா? கேள்வியை மாற்றிக் கேட்போம்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது வளாகத்தில் இரத்த தான முகாம் நடந்தது. தோழிகளோடு நானும் வரிசையில் நின்றேன். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்த தாதி, கருவியைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இரத்தம் குறைவா இருக்கு தங்கச்சி. இன்னிக்கு குடுக்க முடியாது. இரும்பு மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

"ரெண்டு வருசமா சாப்பிடுறேன் அக்கா."

"ரெண்டு வருசமாவா? தாலசீமியா சோதிச்சிருக்காங்களா?"

யாரும் சோதிக்கவில்லை. முதலாம் ஆண்டில் எப்போதும் களைப்பாக இருக்கிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, இரும்புச் சத்து குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் மருந்துக் கடையில் நானே வாங்கத் தொடங்கினேன். வயிறு கட்டிப் போகும், வாயில் உலோக வாசனை அடிக்கும். நல்லதுக்குத்தானே என்று விழுங்கினேன். இத்தனைக்கும் நான் படித்தது ஊட்டச்சத்தியல்!

முகாம் முடிந்த வாரமே அரசாங்க மருத்துவமனையில் முழு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். நான் தாலசீமியா மரபணுவைச் சுமப்பவள். என் சிவப்பணுக்கள் பிறவியிலேயே சிறியவை. உடலில் இரும்பு இருப்பு போதுமான அளவு இருந்தது. இரண்டு ஆண்டுகள் சாப்பிட்ட மாத்திரை எனக்குத் தேவைப்படவே இல்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாலாம் படிவத்துல ஒரு தாள் கொண்டு வந்தியே, அதுவா?" என்று கேட்டார். அதுதான். நான்காம் படிவ மாணவர்களுக்குத் தாலசீமியா பரிசோதனை 2016இல் நாடு முழுதும் தொடங்கியது. அந்த ஆண்டு நான் நான்காம் படிவம். ஒப்புதல் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போடவில்லை. "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஊசி?" என்று மடித்து வைத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. ஊசிக்குப் பயந்தவள் நான்.

இதை யார் மீதும் பழி போட எழுதவில்லை. "இரும்பு நல்லது" என்பதை நாங்கள் எல்லோரும் கேள்வி இல்லாமல் நம்பினோம். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன். ஏனென்றால் இதே நம்பிக்கையை உலகத்தின் பெரிய அறிவியலாளர்களும் வைத்திருந்தார்கள். அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று கண்டுபிடிக்கச் சிலர் தங்கள் பணிக்காலத்தின் பெரும்பகுதியையே செலவிட்டார்கள்.

தோட்டத்துச் சோகை

சோகை நம் குடும்பங்களுக்குப் புதிதில்லை. என் பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். லயத்தில் யாராவது வெளுத்துப்போய், கால் வீங்கி, வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்த கதைகளை அவர் தம் அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவர். "சோகை புடிச்சிருச்சு" என்பார்களாம். காரணம் யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

வெளியிலிருந்து வந்து அந்தக் காரணத்தைத் தேடியவர்களும் உண்டு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் ஆய்வு செய்தது. சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர் அதன் தலைவர். கொக்கிப்புழுவும் மலேரியாவும் தொழிலாளர்களின் இரத்தத்தை எப்படிக் குறைக்கின்றன என்று பார்ப்பதே வேலை. 1920இல் அவர்கள் அறிக்கை நூலாக வந்தது.

கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். ஆக, தோட்டத்துச் சோகை தட்டில் இருந்த உணவால் மட்டும் வந்ததில்லை. காலுக்கு மிதியடி இல்லாததாலும், கழிவறை இல்லாததாலும், கொசுவாலும் வந்தது. அன்று ஒரு தொழிலாளிக்கு இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதையாகத்தான் முடிந்திருக்கும்.

கிருமிக்கும் பசிக்கும்

பள்ளிப் பாடத்தில் நாம் படிக்காத ஒரு பகுதி இங்கே வருகிறது. இரும்பு நமக்கு மட்டும் தேவைப்படும் பொருளில்லை. பெரும்பாலான கிருமிகளுக்கும் அது வேண்டும்.

1944இல் ஷேட், கரோலின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் வயிற்றுக்கடுப்புக் கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள். வளரவில்லை. ஏதோ ஒரு சத்து குறைகிறது என்று நினைத்து, பல பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இரும்பைச் சேர்த்தபோது மட்டும் கிருமி மளமளவென்று வளர்ந்தது. வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போட்டிருந்தது.

நம் உடலும் இதையே செய்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது. ஓர் ஆணியில் இருக்கும் அளவு. அதில் தனியாகத் திரிவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. எல்லாம் புரதங்களின் பிடியில் இருக்கும். கிருமி தாக்கியதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சிறிய ஹார்மோனைச் சுரக்கிறது. இது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஹெப்சிடின் கூடினால், குடலிலிருந்து இரத்தத்துக்கு இரும்பு வரும் கதவு மூடிக்கொள்ளும். உடலின் இரும்புக் கிடங்குகளும் பூட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் திருடன் புகுந்தால் அரிசிப் பானையைப் பூட்டி வைப்பது போல.

அந்த நேரத்தில் மாத்திரை போட்டால் என்ன ஆகும்? உடல் அதை அதிகம் எடுத்துக்கொள்ளாது. உறிஞ்சப்படாத இரும்பு குடலிலேயே தங்கும். அங்கே இருக்கும் கிருமிகளுக்கு அது விருந்து. ஐவரி கோஸ்ட் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரும்பு சேர்த்த பிஸ்கட் கொடுத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. அவர்கள் குடலில் நன்மை தரும் நுண்ணுயிரிகள் குறைந்து, நோய் தரக்கூடிய இனங்கள் கூடியதை அது காட்டியது.

பெம்பா தீவில் நடந்தது

எச்சரிக்கை முன்பே வந்துவிட்டது. 1970களில் மரே என்ற மருத்துவத் தம்பதியர் இரும்புச் சத்துக் குறைவுள்ள 137 சோமாலிய நாடோடி மக்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரும்பு மாத்திரை, மற்றதற்குச் சத்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை பெற்றவர்களிடம் 7 தொற்றுகள் தோன்றின. இரும்பு பெற்றவர்களிடம் 36. 1978இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியானது. படித்தவர்கள் பலர் இருந்தும், இரும்பு வழங்கும் திட்டங்கள் பழையபடியே தொடர்ந்தன.

அடுத்த பெரிய சோதனை தான்சானியாவின் பெம்பா தீவில் நடந்தது. அப்போது மலேரியா ஆண்டு முழுதும் பரவிய இடம் அது. இந்திய மருத்துவரான சுனில் சசாவாலின் குழு மூன்று வயதுக்குட்பட்ட 24,076 குழந்தைகளை ஆய்வில் சேர்த்தது. சில குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும், சிலருக்கு அவற்றோடு துத்தநாகமும், சிலருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். இரும்பு பெற்றவர்கள் தெம்பாக இருப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. இரும்பு பெற்ற குழந்தைகளில் கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் 12 விழுக்காடு அதிகம். ஆய்வைக் கண்காணித்த குழு 2003 ஆகஸ்டில் இரும்பு கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினார்கள். 2006 ஜனவரியில் லான்செட் இதழில் எதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

நான் இந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்தது மூன்றாம் ஆண்டில். என் மாத்திரை டப்பா அப்போது மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒரு பெற்றோராக என்னை நினைத்துப் பார்த்தேன். தம் பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தானே அந்தத் தீவின் தாய்மார்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள்?

ஆனால் கதை இங்கே முடியவில்லை. அதே ஆய்வுக்குள் ஒரு சிறு பிரிவுக் குழந்தைகளுக்கு முதலிலேயே இரத்தம் சோதித்திருந்தார்கள். நோய் வந்தால் அவர்களுக்குச் சிகிச்சையும் உடனே கிடைத்தது. அந்தப் பிரிவில், உண்மையிலேயே இரும்புக் குறைவும் சோகையும் இருந்த குழந்தைகளுக்கு இரும்பு நன்மையே செய்தது. மலேரியா இல்லாத தெற்கு நேப்பாளத்தில் நடந்த இதே போன்ற ஆய்வு லான்செட்டின் அதே இதழில் வந்தது. அங்கே இரும்பால் இறப்பு கூடவில்லை.

ஒரே மாத்திரை. யாருக்குக் கொடுக்கிறோம், எந்த ஊரில், எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. பிறகு உலகச் சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டுதலை மாற்றியது. மலேரியா பரவும் இடங்களில், அந்நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் வசதி செய்துகொண்டே குழந்தைகளுக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்கிறது.

ஒரு கிராமத்தோடு சேர்த்துப் பேசப்படும் பேராசிரியர்

"ஏன்?" என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் ஆண்ட்ரூ பிரெண்டிஸ். லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஊட்டச்சத்துப் பேராசிரியர். அவருடைய பணியோடு சேர்ந்தே பேசப்படும் இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் உள்ள கெனெபா என்ற சிறு கிராமம். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது.

அவர் தொடங்கியது இரும்பில் இல்லை. 1980இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு தாய்ப்பால் பற்றியது. பாலூட்டும் தாய்மார்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தால் பால் கூடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொடுத்துப் பார்த்தார்கள். கூடவில்லை. அப்படியே எழுதினார்கள். நினைத்தது நடக்காதபோது அதையும் எழுதும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

பெம்பாவுக்குப் பிறகு அவரும் உடன் பணியாற்றியவர்களும் இரும்பும் தொற்றும் சந்திக்கும் இடத்தைத் துருவத் தொடங்கினார்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்களின் இரத்த நீரைச் சில மணி நேரத்தில் எடுத்து, அதில் கிருமிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மாத்திரைக்கு முன் எடுத்ததைவிட வேகமாக வளர்ந்தன. இது 2015இல் வந்தது. சோகையுள்ள காம்பியக் குழந்தைகளின் சிவப்பணுக்களில் மலேரியாக் கிருமி சரியாக வளர்வதில்லை என்றும், இரும்பு கொடுத்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது என்றும் 2016இல் காட்டினார்கள். இரும்பு கிடைத்ததும் உடல் இளம் சிவப்பணுக்களை நிறைய உண்டாக்குகிறது. மலேரியாக் கிருமிக்கு இளம் அணுக்கள்தான் பிடிக்கும். ஹெப்சிடின் அளவைப் பார்த்து, உடல் இரும்பை ஏற்கத் தயாராக இருக்கும் நாளில் மட்டும் மாத்திரை கொடுக்கலாமா என்றும் சோதித்தார்கள். அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

எஸ்.பி.எம். முடித்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஊட்டச்சத்தியல் என்றதும் நம் வீடுகளில் "உடம்பு இளைக்க அட்டவணை போட்டுக் கொடுக்கிற படிப்பா?" என்று கேட்பார்கள். என் சின்னம்மாவே அப்படித்தான் கேட்டார். வேதியியல், நுண்ணுயிரியல், மரபியல், கிராமத்து மனிதர்களோடு பேசும் பொறுமை எல்லாம் இதற்கு வேண்டும். ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் கேட்கலாம். அதனால் உலகக் கொள்கைகளே மாறலாம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கெரியான் வளாகம் போன்ற இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. மருத்துவம் கிடைக்காததால் எடுக்கும் இரண்டாம் தேர்வாக மட்டும் இதைப் பார்க்காதீர்கள்.

நம் மேசைக்கு வருவோம்

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அது என் கருத்துக்கு நேர் எதிரானது. இரும்புக் குறைவு உண்மையான நோய். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பிரசவத்தில் தாயின் உயிருக்கே ஆபத்தாகும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்குச் சோகை இருக்கிறது. நம் நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்ளூரில் பரவும் மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை. குரங்கு மலேரியாதான் மிச்சம். அதனால் பெம்பாவின் ஆபத்தை அப்படியே பினாங்குக்குக் கொண்டுவருவது தவறு. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் மாத்திரையை அவர்கள் கட்டாயம் சாப்பிட வேண்டும்.

நான் கேட்பது இதுதான்: சோதிக்காமல் விழுங்காதீர்கள். புலனத்தில் வரும் "இரத்தம் ஊற இந்த மாத்திரை" என்ற செய்தியை நம்பிக் கடைக்கு ஓடாதீர்கள். சோகை என்று சொன்னால் "இரும்புக் குறைவாலா, வேறு காரணமா?" என்று மருத்துவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். முழு இரத்தப் பரிசோதனையும், இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் உண்டா என்று கேளுங்கள். காய்ச்சலோடு இருக்கும்போது ஃபெரிட்டின் அளவு கூடிக் காட்டும். அப்போது உண்மையான குறைவு மறைந்துபோகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சாப்பாட்டிலும் இதே கேள்வி உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஊட்டச்சத்துப் பேராசிரியர் அனுரா குர்பாட்டும் உடன் ஆய்வாளர்களும் இளம் பெண்களுக்குச் சோற்று உணவு கொடுத்து, எவ்வளவு இரும்பு உடலில் சேர்கிறது என்று அளந்தார்கள். 2008இல் வந்த முடிவு: உணவோடு ஒரு கோப்பைத் தேநீர் குடித்தால் சேரும் இரும்பு ஏறக்குறைய பாதியாகிறது. இரண்டு கோப்பை என்றால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. வைட்டமின் சி சேர்த்தாலோ மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? நாசி கண்டார் தட்டு வந்து அமர்வதற்குள் தே தாரே சொல்லிவிடுகிறோம். ஈரலும் கீரையும் தட்டில் இருக்கும். பக்கத்தில் இருக்கும் கோப்பை அந்தக் கீரையின் இரும்பில் பாதியைத் தட்டிப் பறிக்கும். தே தாரேயை விட்டுவிடச் சொல்லும் தைரியம் பினாங்கில் பிறந்த எனக்கு இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். சோற்றுக்குப் பிறகு இரண்டு துண்டு கொய்யா சாப்பிடலாம். காசு அதிகம் ஆகாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

நான் படித்த பயிற்சிப் புத்தகத்தில் "சோகைக்குக் காரணம் என்ன?" என்ற கேள்விக்கு "இரும்புச் சத்துக் குறைவு" என்று எழுதினால் முழுப் புள்ளி. அந்த ஒரு வரி விடைதான் என்னை இரண்டு ஆண்டு மாத்திரை விழுங்க வைத்தது என்று இப்போது தோன்றுகிறது. கொக்கிப்புழு, மலேரியா, தாலசீமியா, மாதவிடாய்ப் போக்கு, நீண்ட நாள் தொற்று எல்லாமே சோகைக்குக் காரணமாகலாம். விடையைச் சொல்லிக் கொடுக்கும்போது "எல்லோருக்குமா? எல்லா நேரத்திலுமா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள். பெம்பா ஆய்வை ஐந்தாம் படிவ மாணவர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். ஒப்பீட்டுக் குழு எதற்கு, ஆய்வை ஏன் நடுவில் நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரே கதையில் இருக்கிறது.

இந்த ஆண்டு நான்காம் படிவத்தில் இருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் கடைசியாக ஒன்று. தாலசீமியா பரிசோதனைக்கான ஒப்புதல் படிவம் கைக்கு வந்தால் பையின் அடியில் போட்டுவிடாதீர்கள். சுமப்பவர் என்று தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குக் கடுமையான தாலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதை முன்பே தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

என் தம்பிக்கு அந்தப் படிவம் வந்தபோது அம்மா பேனாவைத் தேடி எடுத்து அன்றிரவே கையெழுத்துப் போட்டார். தம்பியும் சுமப்பவன்தான். அவனுக்கு அது பதினாறு வயதிலேயே தெரிந்துவிட்டது. தேவையில்லாத மாத்திரை ஒன்றுகூட அவன் விழுங்கவில்லை.